அண்ணனின் மூச்சை முகர்ந்து பார்த்தவர்கள்

என் அண்ணனை வேலை இடத்தில் எல்லோரும் ‘ரிவர்ஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கடை முகப்புக்கும் ஜன்னலுக்கும் கண்ணாடி மாட்டுவது அவன் தொழில். ஆள் உயரக் கண்ணாடியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போது ஒருவன் முன்னால் பார்த்து நடப்பான், மற்றவன் பின்பக்கமாகவே நடந்தாக வேண்டும். அந்தப் பின்நடை என் அண்ணனுடையது. எதிரே பிடித்திருக்கும் கூட்டாளி ‘படி’ என்றால் காலைத் தூக்குவான், ‘இடது’ என்றால் இடதுபக்கம் ஒதுங்குவான். தலையைத் திருப்பிப் பார்க்க மாட்டான். திருப்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் கண்ணாடி முறுக்கிக்கொண்டு வெடித்துவிடும்.

“உனக்குப் பயமா இருக்காதா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“எதுக்குப் பயம்? எதிர்ல இருக்கறவன் எனக்கும் சேத்துத்தானே பாக்கறான்” என்றான்.

வீட்டிலும் அதே ஆள்தான். தலை சீவியது சரியாக இருக்கிறதா, சட்டை பொருந்துகிறதா, எல்லாவற்றுக்கும் அண்ணியின் முகத்தைப் பார்ப்பான். அண்ணி தலையாட்டினால் கிளம்புவான். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவன் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடி தூசி படிந்து கிடக்கிறதே என்று நான் கிண்டல் செய்வேன். “எனக்கு எதுக்கு அது, இவதான் இருக்காளே” என்பான். இப்போது நினைத்தால் எரிச்சல் வருகிறது.

அவனுக்கு மாரடைப்பு வந்தது ஒரு வங்கிக் கட்டடத்தில். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழவில்லை. கண்ணாடியைச் சுவரில் சாய்த்து, அடியில் கட்டை கொடுத்து, கூட்டாளியிடம் “விட்டுடு, நின்னுக்கும்” என்று சொல்லிவிட்டுத்தான் விழுந்தான். கண் விழித்ததும் முதல் கேள்வி, “உடையலையே?” உடையவில்லை. கண்ணாடி உடையவில்லை.

இதயத்தின் ஒரு பக்கத் தசை செத்துப்போயிருந்தது. டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். தோல் கிழிந்தால் புதுத்தோல் வரும், எலும்பு முறிந்தால் கூடிக்கொள்ளும், இதயத் தசை மட்டும் அப்படி வளராதாம். செத்த இடத்தில் தழும்பு விழும். தழும்பு துடிக்காது. மிச்சமிருக்கும் தசைதான் அதற்கும் சேர்த்து மாரடிக்க வேண்டும். அண்ணன் அடுத்த அறைக்கு நடந்தாலே மூச்சு இரைத்தான். கண்ணாடி தூக்குவதை மறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவனுக்கு வேறு என்ன தெரியும்? மறப்பதற்கு வேறொன்றை நினைவில் வைத்திருக்க வேண்டுமே.

அண்ணியின் தம்பி அதே ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்த்தான். ஆய்வுக்கூடத்திலிருந்து ஆபரேஷன் அறைக்குக் குளிர்பெட்டி எடுத்துப் போகிறவன். பெட்டியை டாக்டர் வாங்கிக்கொள்கிற வரைக்கும் இவன் கையில்தான் உயிர் இருக்கிறது என்பதுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பான். அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று அவன்தான் முதலில் வந்து சொன்னான்.

“செல்லு மாமா. இதயத் தசையோட குஞ்சு. ஸ்டெம் செல்லுல இருந்து வளக்கறாங்க. தட்டுல வெச்சுப் பாத்தா தன்னால துடிக்குது. அதை உங்க தழும்போட ஓரத்துல ஊசியில ஏத்துவாங்க. அங்கயே வேர் பிடிச்சுக்கும்.”

“பிடிச்சுக்குமா?”

“அதைப் பாக்கத்தானே ஆராய்ச்சி.”

டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் பேசினார். இது சோதனை. சேருகிறவர்களில் பாதிப் பேருக்குச் செல், பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, ஊசி போடுகிறவருக்கும் தெரியாது. ஊசிக்குழாயையே கறுப்புத் தாளில் சுற்றிவிடுவார்கள். செல்லை உடம்பு வெளியாள் என்று விரட்டாமலிருக்க மாத்திரை உண்டு, உப்புத்தண்ணீர்க்காரர்களுக்கும் அதே போல ஒரு போலி மாத்திரை. முடிவு நல்லபடியாக வந்தால், உப்புத்தண்ணீர் போட்டவர்களைக் கூப்பிட்டு இரண்டாம் சுற்றில் செல்லைப் போடுவார்கள். ஒரே ஒரு நிபந்தனை: இடையில் எது என்று தெரிந்துகொள்ளக் கூடாது. தெரிந்துவிட்டால் மனசு உடம்பை ஆட்டிவைக்கும், எது மருந்தின் வேலை எது மனசின் வேலை என்று பிரிக்க முடியாமல் போய்விடும்.

எனக்குப் பிடிக்கவில்லை. “உன்னைக் கண்ணைக் கட்டிக் காட்டுல விடப் பாக்கறாங்க” என்றேன்.

“நான் பின்னாடியே நடந்து பழகினவன்மா. எனக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல” என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

ஊசி போட்ட அன்று நானும் இருந்தேன். தொடை வழியாகக் குழாயை விட்டு, இதயத்தின் உள்ளேயே போய்ப் போட்டார்கள். வார்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்த கொஞ்ச நேரத்தில் அண்ணியின் தம்பி வந்தான். குனிந்து அண்ணனின் வாய்க்கருகே முகத்தைக் கொண்டுபோனான். “நல்லா மூச்சு விடுங்க மாமா. இன்னொரு தடவை” என்றான். மாமன்மீது எவ்வளவு பாசம் என்று நான் உருகிப்போனேன். பிறகு அக்காவைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப் போனான். திரும்பி வந்தபோது அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொள்ள நமக்கென்ன, காசா பணமா.

அடுத்த சில வாரங்களில் அண்ணன் எழுந்து உட்கார்ந்தான், பிறகு நடந்தான். உள்ளே போன செல்களுக்கு ‘பசங்க’ என்று பெயர் வைத்தான். “பசங்க இன்னைக்குச் சுறுசுறுப்பா இருக்காங்க” என்பான். படியேறி மூச்சு வாங்கினால், “பசங்களுக்குத் தூக்கம் போதலை” என்பான். கல்லூரியில் படிக்கும் அவன் பெண் வீட்டுக்குள் நுழையும்போதே “பசங்க எப்படிப்பா இருக்காங்க?” என்று கேட்பாள். அவன் முகம் மலர்ந்துவிடும்.

தினமும் காலையில் அண்ணியிடம் கேட்பான். “இன்னைக்கு எப்படி இருக்கேன்?”

“நேத்தைக்கு இன்னைக்கு முகம் தெளிஞ்சிருக்கு. உதட்டுல ரத்தம் ஓடுது. அந்த ஊசி வேலை செய்யுதுங்க.”

ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து உடம்பு எப்படி இருக்கிறது, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று கேட்பார்கள். அண்ணி காலையில் சொன்னதை அப்படியே ஒப்பிப்பான். அவனுக்கென்று ஒரு தனிக் கருத்து கிடையாது.

வேலைக்கும் திரும்பினான். கூட்டாளி முதலில் சின்னச் சின்ன ஜன்னல்களாக எடுத்து வந்தான். அப்புறம் ஒரு கடை முகப்பு. அண்ணன் பின்நடையாக ஏறிக்கொண்டே, “என்னடா, லேசா இருக்கே?” என்றானாம். “உனக்குத் தெம்பு வந்திருக்கு ரிவர்ஸ்” என்றானாம் கூட்டாளி. அன்றைக்கு எனக்குப் போன் பண்ணி அழுதான் என் அண்ணன். ஆண்பிள்ளை அழுகை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு. நானும் அழுதேன். எனக்குச் சளி பிடித்திருக்கவில்லை.

வருடம் முடிந்து பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். அண்ணனும் அண்ணியும் நானும் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள், நடக்க வைத்தார்கள். கடைசியாக ஆராய்ச்சி நர்ஸ் ஒரு சின்ன அறையில் எங்களை உட்கார வைத்தார். அண்ணியின் தம்பியும் வேலைக்கு நடுவே வந்து வாசல் நிலையில் சாய்ந்து நின்றான்.

“கடைசிக் கேள்விங்க. எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். உங்களுக்குப் போட்டது செல்லுன்னு நினைக்கிறீங்களா, உப்புத்தண்ணின்னு நினைக்கிறீங்களா? மனசுல படறதைச் சொன்னாப் போதும்.”

அண்ணன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். “இதுல நினைக்க என்ன இருக்கு? செல்லுதான்.”

“நீங்கம்மா? கூட இருக்கறவங்ககிட்டயும் கேக்கணும்.”

அண்ணி மென்று விழுங்கினாள். வீட்டில் ஒரு வருடமாகக் கூசாமல் பொய் சொன்னவள்தான். ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் உடுப்புப் போட்டு யாராவது உட்கார்ந்திருந்தால் அவளுக்குப் பொய் வராது, பள்ளிக்கூடத்துப் பயம்.

“உப்புத்தண்ணி” என்றாள்.

அண்ணன் சிரித்தான். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தான். நர்ஸ் சிரிக்கவில்லை. “ஏன் அப்படித் தோணுது?” என்றார். அண்ணியின் கண் வாசல் பக்கம் போனது. நர்ஸின் கண்ணும் போனது. தம்பிக்காரன் திருதிருவென்று விழித்தான்.

“வாடை வரலை” என்றாள் அண்ணி.

“என்ன வாடை?” என்று கேட்டான் அண்ணன்.

கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. செல்லை உறைய வைக்கும்போது கெட்டுப்போகாமலிருக்க ஒரு திரவம் சேர்ப்பார்கள். அது உடம்புக்குள் போனால் ஒரு நாளைக்கு மூச்சில் பூண்டு வாடை அடிக்கும். பெட்டி தூக்குகிறவன் வார்டில் போகவர இருந்து அதைக் கண்டுபிடித்திருக்கிறான். யாருடைய வாயில் பூண்டு அடிக்கிறதோ அவருக்குச் செல், அடிக்காவிட்டால் உப்புத்தண்ணீர். அத்தனை டாக்டர்கள் கறுப்புத் தாள் சுற்றி மறைத்ததை இவன் மூக்கை நுழைத்துத் தெரிந்துகொண்டுவிட்டானாம். அண்ணன் மூச்சில் பூண்டு இல்லை.

“உடனே அக்காகிட்ட சொன்னேன் மாமா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டுத்தான் சொன்னேன்” என்றான். இதைப் பெருந்தன்மைபோலச் சொன்னான்.

அண்ணன் கோபப்படவில்லை. ஒன்றுதான் கேட்டான். “யார் யாருக்குத் தெரியும்?”

அண்ணிக்கு. அவள் சொல்லிப் பெண்ணுக்கு. கூட்டாளிக்கு. பிறகு என்னைப் பார்த்தான். “உனக்கு?”

“சத்தியமா தெரியாதுண்ணா.”

“இவளுக்கு ஏன் சொல்லலை?” என்று அண்ணியைக் கேட்டான்.

“அவளுக்கு வாய் நிக்காதுங்க. உங்ககிட்ட சொல்லிடுவா” என்றாள்.

என் ஆயுசில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

நர்ஸ் டாக்டரம்மாவைக் கூட்டி வந்தார். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு முடிவு தெரிந்து, அதை மறைத்து, ‘தேறியிருக்கிறாய்’ என்று தினமும் ஓதியிருக்கிறார்கள். அண்ணன் ஒரு வருடமாகச் சொன்ன பதில்கள் எதுவும் இனிச் செல்லாது. ஸ்கேன் படங்களை மட்டும் வைத்துக்கொள்வார்கள். உண்மையில் போட்டது எது என்பது எல்லோருடைய சோதனையும் முடிந்த பிறகுதான் திறக்கப்படும். ஒருவேளை உப்புத்தண்ணீராக இருந்தால், விதிப்படி இரண்டாம் சுற்றில் அவனுக்கு இடமில்லை.

“நான் தெரிஞ்சுக்கலையே டாக்டர். நான் கேக்கவே இல்லையே” என்றான் அண்ணன்.

“இப்ப தெரிஞ்சுக்கிட்டதா நினைச்சுக்கிட்டீங்களே” என்றார் அவர். அவருக்கும் வருத்தம்தான். ஆனால் விதி அவர் வீட்டு விதி இல்லை.

அன்றைக்கு வீட்டில் நடந்ததை நான் பார்த்தேன், அதனால் சொல்லலாம். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தான். கூட்டாளிக்குப் போன் போட்டு வரச்சொன்னான். அவன் வந்ததும், “அந்தக் கடை முகப்புக் கண்ணாடி. என்ன பண்ணின?” என்று கேட்டான். கூட்டாளி தரையைப் பார்த்தான். அடியில் வார் கொடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு முக்கால்வாசி எடையை அவனே தூக்கியிருக்கிறான்.

“பின்னாடி படி இருக்கா இல்லையான்னு நீ சொல்றதை வெச்சுத்தானேடா நான் காலை வெக்கறேன்? அதுலயும் இப்படித்தான் சொன்னியா?”

“அய்யய்யோ, அதுல பொய் சொல்வேனா?”

“எதுல சொல்வே எதுல சொல்ல மாட்டேன்னு எனக்கு எப்படிடா தெரியும்?”

அண்ணி அழுதுகொண்டே சொன்னாள். “நீங்க தூங்கிக்கிட்டிருந்தீங்க. முகத்துல அவ்வளவு சந்தோஷம். எப்படிங்க சொல்வேன்? மருந்துதான் போகலை, நம்பிக்கையாவது உள்ள போகட்டுமேன்னு நினைச்சேன். நீங்களும் எழுந்து நடந்தீங்க இல்ல?”

“நடந்தேன். நாலு பேரும் கைதட்டினீங்க. நடக்கக் கத்துக்கற குழந்தைக்குத் தட்டற மாதிரி.” அவன் குரல் உடைந்தது. “என் காதுல பூ சுத்தினீங்கன்னுகூட வருத்தமில்ல. நான் ‘பசங்க, பசங்க’ன்னு சொல்லும்போதெல்லாம் நீங்க ஒருத்தரையொருத்தர் பாத்துக்கிட்டிருப்பீங்க இல்ல? அதை நினைச்சாத்தான் கூசுது. கழுத்தறுத்துட்டீங்க.”

பெண் ஓடிப்போய் அவன் காலடியில் உட்கார்ந்தாள். அவன் அவள் தலையைத் தடவினான், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை.

அண்ணி பக்கமும் நியாயம் உண்டு, நான் மறுக்கவில்லை. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? உளறியிருப்பேன், அவன் அன்றே ஒடிந்துபோயிருப்பான். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. சோதனை என்றால் என்ன, உப்புத்தண்ணீர் என்றால் என்ன, எல்லாம் தெரிந்து கையெழுத்துப் போட்ட மனுஷன் அவன். உண்மையைத் தாங்க மாட்டான் என்று நாலு பேர் கூடி முடிவு கட்டியதுதான் எனக்கு ஆத்திரம்.

அதன்பிறகு அவன் வேலைக்குப் போகவில்லை. ‘பசங்க’ பேச்சு நின்றுவிட்டது. நடக்கப் போனால் பாதியிலேயே திரும்பிவிடுவான். உண்மையாகவே மூச்சு வாங்குகிறதா, அவனே வாங்க விடுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் அண்ணியிடம் எதுவும் கேட்பதில்லை. குளியலறைக் கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு, கண் இமையைக் கீழே இழுத்து, நாக்கை நீட்டி, தானே பார்த்துக்கொண்டான். பார்க்கத் தெரியாமல் பார்ப்பான்.

மாதங்கள் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டார். சோதனை முடிந்துவிட்டது, திறந்துவிட்டோம் என்றார். மூன்று பேரும் போனோம். தம்பிக்காரனைப் பெட்டி தூக்குவதிலிருந்து எடுத்துத் துணி வெளுக்கும் பகுதிக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே எல்லாம் சோப்பு வாடைதான், அவன் மூக்குக்கு ஓய்வு.

“உங்களுக்குப் போட்டது செல்லுதான்” என்றார் டாக்டரம்மா.

“அப்ப வாடை?” என்று நான்தான் கேட்டேன்.

“உங்க அண்ணனுக்குப் போடறதுக்கு முன்னாடியே அந்தத் திரவத்தைக் கழுவி எடுக்க ஆரம்பிச்சுட்டோம். வார்டுல யாரோ மோந்து பாத்துக் கண்டுபிடிக்கறாங்கன்னு எங்களுக்குச் சந்தேகம் வந்ததால.”

இதயம் சுருங்கும் பலம் கொஞ்சம் கூடியிருக்கிறது, தழும்பின் ஓரத்தில் உயிருள்ள தசை முன்பைவிட அதிகம் தெரிகிறது என்று படத்தைக் காட்டினார். “ஆனா உப்புத்தண்ணி போட்டவங்கள்லயும் சில பேருக்குத் தேறியிருக்கு. உங்களுக்குச் செல்லால தேறுச்சா, நடந்ததால தேறுச்சான்னு ஒருத்தரை மட்டும் வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது” என்றார். அண்ணன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சந்தோஷமா துக்கமா என்று அவன் முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.

தாழ்வாரத்துக்கு வந்ததும் அண்ணி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்புமாக இருந்தாள். தலையில் இருந்த பாறாங்கல்லை யாரோ இறக்கி வைத்த மாதிரி. “ஒண்ணும் கெட்டுப்போகலைங்க. எதுவும் நம்ம கையை விட்டுப் போகலை. ஊசி வேலை செய்யுதுன்னு நான் சொன்னேனே, அதெல்லாம் உண்மையாயிடுச்சு பாத்தீங்களா!”

அண்ணன் கையை உதறவில்லை. நிதானமாகவே சொன்னான்.

“உண்மையாயிடுச்சு. நீ சொல்லும்போது உனக்கு அது பொய்தானே.”

அண்ணி என்னைப் பார்த்தாள், ‘நீயாவது எடுத்துச் சொல்லேன்’ என்பதுபோல. வாய் நிற்காதவள் என்று பெயரெடுத்த நான் கைப்பையைத் திறந்து பஸ்ஸுக்குச் சில்லறை தேடினேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர்கள் வீட்டில் ஒரு பேச்சு. வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான். அண்ணன் மறுபடி நடக்கிறான், சின்ன வேலைகளுக்குப் போகிறான், அண்ணி சமைத்ததைச் சாப்பிடுகிறான், பெண்ணோடு சிரித்துப் பேசுகிறான். சண்டை இல்லை. ஒருவரையொருவர் பார்த்துப் பேசும்போது மரியாதை கூடியிருக்கிறது, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கடைத்தெருவுக்குப் போயிருந்தோம். வெயில். ஏற்றமான நடைபாதை. அண்ணன் இரண்டு கையிலும் பை வைத்திருந்தான், கொடு என்றால் கொடுக்க மாட்டான். மருந்துக்கடை தாண்டியதும் நின்றான். பக்கத்தில் போன அண்ணி திரும்பிப் பார்த்தாள். அவளுக்குச் சட்டென்று முகம் மாறியது.

“உக்காருங்க. அந்தக் கட்டைச் சுவத்துல உக்காருங்க. உதடு வெளுத்துருக்கு.”

நான் பார்த்தேன். வெளுத்துத்தான் இருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. அண்ணன் உட்காரவில்லை. பைகளைப் பிடித்தபடியே, அண்ணியின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தான்.

“அப்படியா?” என்று என்னைக் கேட்டான்.

அண்ணி எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

“ஆமாண்ணா. உக்காரு” என்றேன்.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்தான்.